அஸ்வினை ஆறாவதாக அனுப்பியது எதற்கு?

"பிட்ச் அப்படி மாமா."

2025 ஐபிஎல்லில் நம் சென்னை சூப்பர் கிங்ஸ் நேற்று ராத்திரி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவிடம் தோற்றதற்கு மச்சான் சொன்ன காரணம் இது. இதை எத்தனை முறை சொன்னான் என்று எனக்கே கணக்கு விட்டுப்போய்விட்டது. ஸ்டாண்டில் சொன்னான், படியிறங்கும்போது சொன்னான், அரசினர் தோட்டம் மெட்ரோ வாசலில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே சொன்னான். இன்று காலை தூங்கி எழுந்து போனைப் பார்த்தால் அதே வரியைக் குரல் பதிவாக அனுப்பி வைத்திருக்கிறான். எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எங்காவது கொட்டித் தீர்க்கவில்லை என்றால் ஆபீசில் யார் மேலாவது பாய்ந்துவிடுவேன்.

103 ரன். 20 ஓவர் முழுக்க ஆடி, ஒன்பது விக்கெட்டைக் கொடுத்துவிட்டு, 103. சேப்பாக்கத்தில் நம் அணி இதுவரை எடுத்ததிலேயே மிகக் குறைந்த ஸ்கோர். அதைக் கொல்கத்தாக்காரர்கள் 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். 59 பந்து மிச்சம்! அதே பிட்ச், அதே ராத்திரி. இருபது நிமிட இடைவேளையில் அந்த 22 கெஜத்தை யாராவது சுருட்டி எடுத்துவிட்டு வேறு பிட்ச்சை விரித்துவிட்டார்களா? நம்மவர்கள் முதல் ஆறு ஓவரில் 31. அவர்கள் 71. சுனில் நரைன் போட்ட 24 பந்தில் நம்மால் ஒரு பவுண்டரி அடிக்க முடியவில்லை. அந்த ஆளே பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து 18 பந்தில் 44 அடித்தார், அஞ்சு சிக்சர். பிட்ச் அப்படியாம்.

சரி, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் என்னவென்று புரியும்.

என் பையனுக்குப் பத்து வயது. இதுதான் அவன் சேப்பாக்கத்தில் பார்த்த முதல் மேட்ச். மூன்று டிக்கெட், தலைக்கு 1,700 ரூபாய். அந்த டிக்கெட்டுக்காக வரிசை எண்ணைப் பார்த்தபடியே போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலைப்பொழுதை விட்டுவிடுகிறேன், அதை நீங்கள் எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். பையன் தோனியின் ஏழாம் நம்பர் சட்டையை மத்தியானம் மூன்று மணிக்கே போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிந்து, மறுபடியும் தோனி கேப்டன் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்குச் சோறே இறங்கவில்லை. டாஸ் போட தோனி நடந்து வந்தபோது அவன் போட்ட கத்தலில் என் காது அடைத்துக்கொண்டது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்புறம் நம் பேட்டிங் தொடங்கியது.

கான்வே 12, ரச்சின் 4. போகட்டும், தொடக்க ஆட்டக்காரர்கள் சீக்கிரம் அவுட் ஆவது எல்லா அணிக்கும் நடப்பதுதான். அடுத்து திரிபாதியும் விஜய் சங்கரும். விஜய் சங்கருக்கு இரண்டு கேட்சை விட்டார்கள். இரண்டு! கடவுளே இறங்கி வந்து "அடிடா" என்று சொல்வது மாதிரி. அவர் 21 பந்தில் 29 எடுத்து வருண் சக்கரவர்த்தியிடம் அவுட். நம் தமிழ்நாட்டுப் பையன், நம் மைதானத்தில், நம் ஆளைத் தூக்குகிறான். அது ஒரு பக்கம் வலி. திரிபாதி 22 பந்தில் 16. ஆறு பந்துக்கு ஒரு தடவை கையை ஓங்குவார் என்று நினைப்போம், பந்து பேட்டில் பட்டு அங்கேயே விழும். கட்டை, கட்டை, கட்டை. டெஸ்ட் மேட்ச்சில் கடைசி நாளைக் காப்பாற்றுகிற மாதிரி ஆடி, கடைசியில் நரைன் பந்தில் போல்டு.

65 ரன்னுக்கு 4 விக்கெட். துபே ஒரு பக்கம் நிற்கிறார். உள்ளே ஜடேஜா இருக்கிறார், தோனி இருக்கிறார். யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறேன்.

அஸ்வின்.

அஸ்வினை எனக்கு உயிருக்கும் மேலாகப் பிடிக்கும். நம் ஊர் மனிதர், நூறு டெஸ்ட்டுக்கு மேல் ஆடியவர், டெஸ்ட்டில் சதங்கள் அடித்தவர். ஆனால் டி20-யில், நான்கு விக்கெட் போன நேரத்தில், ரன் எடுக்க ஜடேஜாவுக்கு முன்னால் ஆறாவது ஆளாக அவரை அனுப்புவது எந்த ஊர் நியாயம்? விக்கெட் விழுந்துவிடக் கூடாது என்றுதானே அனுப்பினீர்கள்? பேட்ஸ்மேனை பவுலர் போய்க் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்தப் பேட்ஸ்மேன் எதற்கு? ஏழு பந்து, ஒரு ரன், அவுட். அடுத்து ஜடேஜா, இரண்டு பந்து, பூஜ்யம். அதற்குள் பதறிப்போய் இம்பாக்ட் பிளேயர், அதாவது நடுவில் ஒரே ஒரு தடவை மாற்றி இறக்கக்கூடிய ஆள் என்று தீபக் ஹூடாவை இறக்குகிறார்கள், எட்டாவது ஆளாக. நான்கு பந்து, பூஜ்யம். பந்துவீச்சுக்கு வைத்திருக்க வேண்டிய ஓர் ஆளைப் பலி கொடுத்து வாங்கின பூஜ்யம் அது. 65-க்கு 4 என்று இருந்தது 72-க்கு 7 ஆகிவிட்டது.

இப்போது என் பையன் கதை. அவனுக்கு ரொம்ப நேரமாகவே ஒன்றுக்கு அவசரம். தோனியை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அஸ்வின் உள்ளே வந்ததும் மச்சான்தான் சொன்னான், "டேய், இன்னும் துபே, ஜடேஜா எல்லாம் இருக்காங்கடா. தோனி வர நேரமாகும், வா போயிட்டு வந்துடலாம்." தப்பில்லையே? கிரிக்கெட் தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் போனார்கள். அங்கே கழிவறை வாசலில் நீளமான வரிசை.

அவர்கள் வரிசையில் நின்ற நேரத்தில்தான் அஸ்வின், ஜடேஜா, ஹூடா எல்லோரும் கிளம்பிப்போனார்கள். ஹூடா அவுட் ஆனதும் சேப்பாக்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. இதைப் பற்றியும் எனக்குச் சொல்ல வேண்டும். 72-க்கு 7. நம் அணி செத்துக்கொண்டிருக்கிறது. நம் ஆட்டக்காரன் அவுட் ஆனதற்கு நாமே விசில் அடிக்கிறோம், அடுத்து தோனி வருவார் என்பதற்காக! எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினார். தோனியை நான் 2008-லிருந்து பார்க்கிறேன். 2010-ல் தரம்சாலாவில் இர்பான் பதானை அடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டையே குத்திக்கொண்டாரே, அன்றைக்கு வீட்டில் நான் அழுதேன். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற பாசம் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனாலும் நம் விக்கெட் விழுவதைக் கொண்டாட என்னால் முடியாது. உள்ளே தலையைக் குனிந்துகொண்டு வருகிற அந்தப் பையன்களுக்கு எப்படி இருக்கும்? சொந்த ஊரில், சொந்த ஜனம், நீ எப்போது போவாய் என்று காத்திருந்தால் எவனுக்குக் கை ஓடும்?

தோனி வந்தார். ஒன்பதாவது ஆளாக. நான் வாசலைப் பார்க்கிறேன், பையனைக் காணோம். ஆடுகளத்தைப் பார்க்கிறேன், வாசலைப் பார்க்கிறேன். மச்சானுக்குப் போன் போட்டால் அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்? நரைன் வீசுகிறார், பேடில் பட்டது, அம்பயர் கையைத் தூக்கிவிட்டார். தோனி ரிவ்யூ கேட்கிறார். மைதானம் அமைதியாகிவிட்டது. பெரிய திரையில் காட்டுகிறார்கள். அவுட்தான். நான்கு பந்து, ஒரு ரன். 75-க்கு 8.

அடுத்து வந்த நூர் ஆடிக்கொண்டிருக்கும்போது பையன் ஓடி வந்தான். முகமெல்லாம் வேர்வை. "பெரிய சத்தம் கேட்டுச்சேப்பா, சிக்சரா? தோனி இன்னும் வரலைல்ல?"

நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள். அணி நிர்வாகத்தாரே, ஆட்களை வாங்கும் மெகா ஏலத்தில் உட்கார்ந்து திரிபாதிக்கு 3.40 கோடி, ஹூடாவுக்கு 1.70 கோடி, விஜய் சங்கருக்கு 1.20 கோடி என்று கை தூக்கினீர்களே, நீங்கள் வந்து என் பையனுக்குப் பதில் சொல்லுங்கள்.

இதில் பிட்ச் எங்கே வருகிறது?

மச்சானுக்கு ஒரு வாதம் கையில் இருக்கிறது. பெங்களூருவிடம் தோற்ற அன்றைக்கு நம் கோச் பிளெமிங்கே, சேப்பாக்கத்தில் சில வருஷமாகவே நமக்குச் சொந்த மைதானத்து அனுகூலம் இல்லை என்றார். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். ஏன், இந்த சீசனில் தோற்ற ஐந்து மேட்ச்சும் சேப்பாக்கத்திலா நடந்தது? குவஹாத்தியில் ராஜஸ்தானிடம் ஆறு ரன்னில் தோற்றோமே, அதற்கும் இந்த மண்தான் காரணமா? முல்லன்பூரில் பஞ்சாப் அணியின் பிரியான்ஷ் ஆர்யா 42 பந்தில் 103 அடித்தானே! நேற்று நம் பதினொரு பேர் 120 பந்தில் அடித்ததை அந்த ஒரு பையன் தனியாக அடித்தான். பஞ்சாப் அவனை 3.80 கோடிக்கு வாங்கியது. திரிபாதிக்குக் கொடுத்ததைவிட 40 லட்சம்தான் அதிகம். பையன்களைத் தேடிப் பிடிக்க நமக்குக் கண் இல்லை. தெரிந்த முகம், அனுபவம், பொறுமை என்று சொல்லிச் சொல்லி வாங்கி வைத்தோம். பொறுமைதான் வழிகிறதே, 20 ஓவர் முழுக்க!

எதிர் அணியைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. கேப்டன் ரஹானே, மொயீன் அலி, வெளியே உட்கார்ந்து யோசனை சொல்ல பிராவோ. எல்லோரும் மஞ்சள் சட்டை போட்டு நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள். 2023-ல் ரஹானேவை வயசானவர் என்று ஊரே ஒதுக்கியபோது, பயமில்லாமல் ஆடுங்கள் என்று சொல்லி அடிக்கவிட்டது நாம்தான். அப்போது தெரிந்த வித்தை இப்போது எங்கே போனது?

"அப்ப தோனியை மேலே இறக்கணும்ங்கறியா மாமா?" என்று மடக்கினான். இல்லை. 43 வயது, முழங்கால் முன்னே மாதிரி இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று பிளெமிங் சொல்லிவிட்டார். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மிச்ச ஆட்களை அதற்கேற்ற மாதிரி எடுக்க வேண்டும் அல்லவா? கடைசி இரண்டு ஓவருக்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொண்டால், அதற்கு முன்னால் வருகிற ஏழு பேரும் அடிக்கிறவர்களாக இருக்க வேண்டும். ரெய்னா மாதிரி ஒருவன் மூன்றாவதாக வந்து முதல் பந்திலேயே இறங்கி அடித்த அணி இது. 2021-ல் ருதுராஜ் 635, டூ பிளெசி 633 என்று இரண்டே பேர் மொத்தப் பந்துவீச்சையும் பிழிந்த அணி இது.

தோற்பதற்காக நான் கோபப்படவில்லை. இது சத்தியம். 2019 இறுதிப் போட்டியில் ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றோம். முழங்காலில் ரத்தம் பேன்ட்டை நனைக்க வாட்சன் 80 அடித்தார். அன்றைக்கு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் ஒருவரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவர்கள் அடித்துப் பார்த்துத் தோற்றார்கள். நேற்று அடித்தே பார்க்கவில்லை. 60 ரன்னுக்கு எல்லோரும் சிக்சர் அடிக்கப் போய் அவுட் ஆகியிருந்தால்கூட எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். ஓடுகிற பந்தைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கி, ஒரு ரன், டாட் பால், டாட் பால் என்று ஆடி, பையனுக்கு முதல் சேப்பாக்க நினைவாக இதைக் கொடுத்தீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மேட்ச் சீக்கிரம் முடிந்துவிட்டதால் மெட்ரோவில் ஒரே கூட்டம். மஞ்சள் சட்டை போட்ட ஆயிரம் பேர், ஒருவரும் பேசவில்லை. பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான், "அடுத்த தடவை வரும்போது நான் காலையிலேர்ந்தே தண்ணி குடிக்க மாட்டேன்பா."

பக்கத்தில் நின்ற தாத்தா முதலில் சிரித்தார். அப்புறம் மச்சான், அப்புறம் நான். அந்தப் பெட்டியில் பாதிப் பேர் எதற்கு என்றே தெரியாமல் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். 25-ஆம் தேதி ஹைதராபாத்துடன் இதே மைதானத்தில் மேட்ச் இருக்கிறது, டிக்கெட் எப்போது தருகிறார்கள் என்று பையன் கேட்டான். வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன்.

சென்ட்ரலில் இறங்கி அடுத்த ரயிலுக்கு நடந்துகொண்டிருந்தோம். மச்சான் என் தோளில் கை போட்டான்.

"ஆனாலும் மாமா, பிட்ச் கொஞ்சம்..."

வடபழனி வருகிற வரைக்கும் நான் அவனோடு பேசவில்லை.