மதுராந்தகன் யார்? படத்தில் ஒன்று, நாவலில் வேறு

'பொன்னியின் செல்வன் படத்தின் முடிவு கல்கி எழுதியதேதான், இனிப் புத்தகம் தேவையில்லை' என்று கோலாலம்பூரில் நம்மவர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில், அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே முடி சூட்டப்படுகிறது. நாவலிலோ, அரண்மனையில் வளர்ந்த அந்த மதுராந்தகன் சோழ அரசி செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளையே அல்ல! தஞ்சையில் பூமாலை கட்டி இறைவனுக்குத் தொண்டு செய்துவந்த சேந்தன் அமுதன்தான் உண்மையான மகன். அவனே உத்தம சோழன் என்ற பெயரில் முடி சூடுகிறான்; கோடிக்கரையில் படகோட்டிய பூங்குழலி அவன் அரசியாகிறாள். நாவலில் என் மனத்தை மிகவும் தொட்ட இடம் அது. படத்தில் அது அடியோடு இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள் நாவலின் ஐந்தாம் பாகமான 'தியாக சிகரம்' எடுத்துப் பாருங்கள். உத்தம சோழன் வரலாற்று மன்னன். சேந்தன் அமுதன் கல்கியின் கற்பனை.