அந்த 160 ஏக்கர் யாருடையது?

நண்பர் ஒருவர் நேற்று பேச்சுவாக்கில் சொன்னார்: "அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே ஏழைகளுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் சும்மா கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய மனசு!" நிலம் கொடுத்தது உண்மைதான். அந்த 'பெரிய மனசு'தான் ராத்திரி முழுக்க என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

1862 மே 20 அன்று, அந்த 160 ஏக்கரைக் கொடுக்க வழிசெய்த ஹோம்ஸ்டெட் சட்டத்தில் அதிபர் லிங்கன் கையெழுத்திட்டார். 21 வயது நிரம்பியவர்கள் சிறு கட்டணம் கட்டி நிலத்தைப் பதிந்துகொள்ளலாம். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து உழுதால் பட்டா. மணமாகாத பெண்களும் விதவைகளும்கூடத் தங்கள் பெயரிலேயே வாங்க முடிந்தது. அந்தக் காலத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. மரமே இல்லாத நெப்ராஸ்கா சமவெளியில் மண்ணைப் புல்வேரோடு வெட்டியெடுத்து, செங்கல் மாதிரி அடுக்கி வீடு கட்டினார்கள். வறட்சியிலும் வெட்டுக்கிளியிலும் எல்லாவற்றையும் இழந்து, பட்டா வாங்காமலே திரும்பியவர்கள் ஏராளம். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. என் கோபம் கொடுத்தவர்கள் மேல்.

அதே 1862 கோடையில் மினசோட்டாவில் டகோட்டா என்ற பழங்குடி மக்கள் பட்டினி கிடந்தார்கள். 1851 ஒப்பந்தங்களில் நிலத்தைப் பெருமளவு விட்டுக்கொடுத்ததற்கு அரசிடமிருந்து வரவேண்டிய ஆண்டுத்தொகை வந்துசேரவில்லை. உணவைக் கடனாகத் தரவும் வியாபாரிகள் மறுத்தார்கள். ஆகஸ்டில் சண்டை வெடித்தது. குடியேறிகளும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ என்ற ஊரில் டகோட்டா ஆண்கள் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள்.

ஆறு நாள் கழித்து, 1863 ஜனவரி 1 அன்று, ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த வருஷமே டகோட்டா மக்களுடனான ஒப்பந்தங்களை ரத்து செய்து, அவர்களை மினசோட்டாவை விட்டே வெளியேற்றினார்கள்.

இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து வைத்து யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, அதைத் தானம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் 1887இல் டாஸ் சட்டம் வந்தது. பழங்குடிகள் பொதுவில் வைத்திருந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று துண்டு போட்டு, மிஞ்சியதை 'உபரி' என்று சொல்லிக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். பாட்டன் பூட்டன் வாழ்ந்த மண்ணுக்கு உபரி என்று பெயர் வைக்க எப்படி மனசு வந்தது? அந்த வருஷம் பழங்குடிகளிடம் சுமார் 13.8 கோடி ஏக்கர் இருந்தது. 1934இல் மிஞ்சியது 4.8 கோடி.

நண்பரே, இதைப் படித்தால் கூப்பிடுங்கள், பேசுவோம்.