கிளீனர் வேண்டாம், விண்டோஸே போதும்

சி டிரைவ் நிறைந்துவிட்டால் ஏதாவது ஒரு இலவச கிளீனர் மென்பொருளைப் போட்டுச் சுத்தம் செய்யுங்கள் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அப்படி ஒன்றை நம்பி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ‘ரெஜிஸ்ட்ரி’யையும் துடைத்தேன், கிடைத்த இடம் ஒரு எம்பிகூட இல்லை, அப்புறம் பிரிண்டர் வேலை செய்யவில்லை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ (தற்காலிகக் கோப்புகள்) இருக்கிறது. எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று அங்கேயே தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு கட்டம் வரும், ஜாக்கிரதை. பெயரைப் படிக்காமல் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போய், மகனின் ஹால் டிக்கெட்டையும் சேர்த்து அழித்தேன். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. நல்லவேளை, திரும்ப இறக்கிக்கொள்ள முடிந்தது.

விண்டோஸின் புதிய பதிப்புக்கு மாறியிருந்தால், பழைய பதிப்பின் கோப்புகள் உள்ள ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டர் பல ஜிபி பிடிக்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு; அதுவரை விட்டுவைப்பது நல்லது. பிறகு அது தானாகவே போய்விடும்.

விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டரின் அளவைப் பார்த்துப் பயந்து கையால் அழிக்காதீர்கள். அதிலுள்ள பல கோப்புகள் சிஸ்டத்தின் மற்ற இடங்களோடு பகிரப்பட்டவை. அதனால் காட்டும் அளவே உண்மையைவிடக் கூடுதல்தான்.