‘கணுக்கால்தானே’ என்று சொன்னவர்கள் எல்லாருக்கும்

ஆபரேஷன் முடிந்து இன்றோடு 41 நாள். இந்த 41 நாளில் நான் அதிகம் கேட்ட சொல் ‘கணுக்கால்தானே’. போனில் விசாரித்தவர்கள், சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தவர்கள், ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் இதே சொல்தான். இடுப்பெலும்பு என்றால் பதறுகிறார்கள், முதுகெலும்பு என்றால் உச்சுக் கொட்டுகிறார்கள். கணுக்கால் என்றால் செருப்பு கடித்த அளவுக்குத்தான் மதிக்கிறார்கள்.

மழை ஓய்ந்த ஒரு ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி, உடைந்து கிடந்த சாக்கடை மூடியில் கால் வைத்தேன். உள் கணு, வெளிக் கணு இரண்டும் முறிந்து மூட்டும் விலகிவிட்டது. வீக்கம் வற்றாமல் கத்தி வைத்தால் தோல் சேராது என்று மாவுக்கட்டோடு எட்டு நாள் காத்திருக்க வைத்தார்கள். அப்புறம் வெளிப்பக்கம் ஒரு பிளேட்டும் ஏழு ஸ்க்ரூவும், உள்பக்கம் இரண்டு ஸ்க்ரூ.

ஆபரேஷன் செய்தவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கிறது. என் ஆத்திரமெல்லாம் அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துத்தான் செய்தார்கள். அந்த மரப்பு சில மணி நேரத்தில் விடும், விடும்போது வலி ஒரேயடியாகப் பாயும், அதற்கு முன்பே வலி மருந்து உடம்புக்குள் போயிருக்க வேண்டும். இதை யாராவது ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராத்திரி 11 மணிக்குக் கால்விரல் அசைகிறதே என்று சந்தோஷப்பட்டேன். பதினொன்றரைக்கெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினேன். நர்ஸ் வந்து, “ஆபரேஷன் பண்ணினா வலிக்கத்தாம்மா செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றார். அடுத்த ஊசி காலை 6 மணிக்குத்தான் எழுதியிருக்கிறதாம். டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று என் கணவர் மூன்று முறை போய்க் கேட்டார். டாக்டர் வந்தபோது மணி இரண்டரை.

மூன்று மணி நேரம் ஒரு மனுஷியை அலறவிட்டு எதைச் சாதித்தீர்கள்? வலியை ஏறவிட்டுப் பிறகு அடக்குவது கடினம், ஏறுவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்பது மயக்க மருந்து டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம். தெரிந்தும் அந்த ராத்திரிக்கு ஒரு மாத்திரை கூடுதலாக எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வலியால் ஆள் சாகமாட்டாள் என்ற நினைப்பு.

டிஸ்சார்ஜ் அன்று கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது, 14-ம் நாள் தையல் பிரிக்க வரவேண்டும், மாத்திரைப் பட்டியல். அவ்வளவுதான். ஒன்றே முக்கால் லட்சம் பில் கட்டிய இடத்தில் எனக்காக ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேச ஆள் இல்லை.

காலை உயரமாக வையுங்கள் என்றார்கள். எவ்வளவு உயரம்? நான் ஒரு தலையணை வைத்துப் படுத்திருந்தேன். நெஞ்சுக்கு மேலே கால் இருந்தால்தான் வீக்கம் இறங்கும் என்பது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. இலவம்பஞ்சுத் தலையணை மூன்றை அடுக்கிய ராத்திரிதான் முதல்முறையாக இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன். டிரமடால் என்ற வலி மாத்திரை மலத்தைக் கட்டிவிடும், கூடவே அதற்கும் மருந்து வேண்டும் என்று சொல்லவில்லை. ஆறு நாள் வெளிக்குப் போகாமல், ஒற்றைக் காலோடு கமோடு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு, கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிஷமே ஓடி வரவேண்டும் என்று சொல்லவில்லை. இது உயிர்போகிற விஷயம். இதைக்கூட ஒரு வரி எழுத முடியாதா?

வலி என்று ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம், ஆனால் எத்தனை வலி! படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தொங்கவிட்டதும் ரத்தமெல்லாம் பாதத்துக்கு இறங்கி, தோல் கத்தரிப்பூ நிறமாகி, விண்விண்ணென்று தெறிக்கும் வலி ஒன்று. நடுராத்திரி பிளேட் இருக்கிற இடத்தில் குடைகிற வலி ஒன்று. பாதத்தின் மேற்புறம் போர்வை பட்டாலே தீப்பட்ட மாதிரி சுரீரென்று இழுக்கும் வலி ஒன்று, அது நரம்பு சம்பந்தப்பட்டதாம். இதற்கெல்லாம் “பத்துக்கு எத்தனை?” என்று ஒரே கேள்வி. எட்டு என்று சொன்னால் ‘எட்டா?’ என்று முகத்தை உற்றுப் பார்க்கிறார்கள். நம்பப்போவதில்லை என்றால் ஏன் கேட்கிறீர்கள்?

ஆஸ்பத்திரியையாவது விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்தவர்கள் பேசியதைத்தான் மறக்க முடியவில்லை. பத்தாம் நாள், காலை மாற்றி வைக்கும்போது வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த நாத்தனார், “மதினி, ரெண்டு பிள்ளை பெத்தவுக நீங்க, இதுக்குப் போயி இப்படியா?” என்றாள். மாமியாரும் தலையை ஆட்டினார். பிரசவ வலியைத் தாங்கியவள் எல்லா வலியையும் தாங்கியே ஆகவேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? அந்த வலி ஒரு ராத்திரி, ஒரு பகல். முடிந்ததும் கையில் பிள்ளை இருந்தது. இது 41 நாள். என் கணவருக்குப் பல் பிடுங்கியபோது வீடே சத்தமில்லாமல் நடந்தது. அன்றைக்கு யாரும் அவரிடம் பழைய வலிக் கணக்கை எடுத்து நீட்டவில்லை.

அடுத்த கேள்வி, “அப்போ சமையல் யாரு?” வந்தவர்களில் பாதிப் பேர் கால் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால் கேட்டது இதைத்தான். மூன்றாம் வாரம் வாக்கரைப் பிடித்து அடுப்படியில் ஒற்றைக் காலில் நின்று ரசம் வைத்தேன். சாயங்காலம் கால் பூசணிக்காயாக வீங்கியது. அன்று யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. நிற்காமல் இருந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

புத்தூர்க் கட்டுப் போட்டிருந்தால் ஆபரேஷனே வேண்டியிருக்காது என்று அடித்துச் சொன்ன சித்தப்பாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுப் போட்டுச் சேரக்கூடிய முறிவு உண்டு, நான் மறுக்கவில்லை. விலகிய கணுக்கால் மூட்டு அந்த வகை இல்லை. மூட்டின் நடுவே இருக்கும் தாலஸ் எலும்பு வெளிப்பக்கமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடும் என்று 1976-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். உடம்பின் எடை முழுவதும் மிச்சமிருக்கும் இடத்தில் இறங்கினால் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆட்டுக்கால் சூப் கொண்டு வாருங்கள், சந்தோஷமாகக் குடிக்கிறேன். படுத்துக் கிடப்பவளிடம் வந்து ‘தப்பான முடிவு எடுத்துட்டியே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆபீஸ் கதைக்கு வருகிறேன். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி எனக்கு வருஷத்துக்கு நோய் விடுப்பு 12 நாள். காலை ஊன்றவே ஆறு வாரம் ஆகும் உடம்புக்கு 12 நாள்! சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நான் வாங்குவது 23,500. அந்த இரண்டாயிரத்து ஐந்நூறுக்காக ஒரு பைசா கிடையாது. இருந்த லீவையெல்லாம் கரைத்து, மீதிக்குச் சம்பளத்தை இழந்தேன். 30-ம் நாள் மேனேஜர் போன் செய்து, “ஆட்டோல வந்து உக்காந்து பாக்கற வேலைதானேம்மா” என்றார். ஆபீஸ் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. என் வீடு முதல் மாடி. ஆபீஸில் இருக்கும் ஒரே கழிப்பறையில் குத்த வைத்துத்தான் உட்கார வேண்டும். எட்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது என்றால் என்ன என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன். “சரி சரி, பாத்துக்கங்க” என்று வைத்துவிட்டார்.

போன வாரம் பிசியோதெரபி ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காலைத் தொடுவதற்கு முன்னால், “எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு சொல்லுங்கக்கா, அவசரமில்ல” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இடது கெண்டைக்கால் வலதைவிடச் சூம்பியிருப்பதை அளந்து காட்டினாள். துண்டைப் பாதத்தில் மாட்டி மெதுவாகத் தன் பக்கம் இழுக்கக் கற்றுக் கொடுத்தாள். வீக்கம் முழுசாக வற்ற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றாள். இவ்வளவும் சொல்ல அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி நான் கால் அழுகிவிட்டதோ என்று பயந்து விழித்துக் கிடந்திருக்கமாட்டேன்!

நாளை மறுநாள் காலை 10 மணிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, காலை ஊன்றலாமா என்று சொல்வார். போன முறை அவர் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டார். இந்த முறை 11 கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாசிப்பேன், பதிலைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்வேன். வரிசையில் காத்திருப்பவர்கள் முணுமுணுத்தாலும் சரி, பதினொன்றும் முடியாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.