வைட்டமின் ஈ மட்டும் போதாது
கல்லீரலில் பித்தநீர் தேங்கும் நோய்க்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் (செல்களைக் கெடுக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிச் சேர்வது) காரணம், ஆகவே அதைத் தணிக்கும் வைட்டமின் ஈ காப்ஸ்யூல் போதும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அழுத்தம் உண்டு, சரி. ஆனால் அது எங்கிருந்து வருகிறது? வெளியேற வழியில்லாத பித்த அமிலங்கள் கல்லீரல் செல்லுக்குள் சேர்ந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுப்பதால் வருகிறது. அதோடு, குடலுக்குப் பித்தநீர் சரியாக இறங்காவிட்டால் ஏ, டி, ஈ, கே என்று கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் ஒட்டுவதே குறையும். இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு நீரில் கலக்கும் வகை வைட்டமின் ஈ கொடுப்பது அதனால்தான். குடியாத்தத்தில் என் பெரியம்மாவுக்கு ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். சீப்பால் சொறிந்து சொறிந்து கணுக்கால் முழுக்க ரத்தக் கோடுகள். தோல் வியாதி என்று களிம்பாகப் பூசியே காலம் போனது. அப்புறம் ஒரு டாக்டர் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் (பித்தநீர் தேங்கினால் ஏறும் நொதி) ஏறியிருப்பதைக் கவனித்து, ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை எழுதிக் கொடுத்த பிறகுதான் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலுக்குள் இருக்கும் சிறு பித்தநாளங்களைத் தாக்கிப் பித்தநீரைத் தேங்க வைக்கும் நோய் இது. உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற பித்த அமில மாத்திரைக்குத்தான் அந்த நொதியின் அளவு இறங்கியது. கீழாநெல்லி போதும் என்று மேலே எழுதியிருக்கும் ஆம்பூர் நண்பருக்கு: வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். பெரியம்மாவுக்கு வந்தது அப்படித் தணிகிற நோய் அல்ல, விட்டால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) வரை போகும். நடுவயதுப் பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. காரணம் தெரியாத அரிப்பும் அசதியும் இருந்தால் காப்ஸ்யூல் வாங்குவதற்கு முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி ஒரு வரியாவது கட்டுரையில் சேருங்கள்.