அப்பாவின் எம்.ஜி.க்கு ஓட்டோ கியர் போட்டது பாவமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடல் பக்கம் பழைய கார் வைத்திருக்கிற நாலைந்து பேர் கூடினோம். அப்பாவின் பச்சை எம்.ஜி.பி.யையும், அதாவது எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கம்பனியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரையும், கொண்டுபோய் நிறுத்தினோம். ஒரு ஐயா ஆசையாகக் கிட்ட வந்து கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி அவர் முகம் செத்தவீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "கிளச் பெடலைக் காணேல்லையே தம்பி" என்றார் அப்பாவிடம். அப்பாவுக்கு வயது 71. முழங்காலுக்காக, கிளச் இல்லாத ஓட்டோ கியர் போட்ட விஷயத்தைச் சொன்னதும், "ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓட்டோவோ? இதுக்கு வித்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா சிரித்துச் சமாளித்தார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. அதனால்தான் இந்தப் பதிவு.

கார் 1972 மொடல், ஜி.டி., அதாவது நிரந்தரக் கூரை உள்ளது. அப்பா அதை 1987இல் வாங்கினார். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டு போர்ட்டிகோவில் அதுதான் நிற்கிறது. நான் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான், அக்காவின் கல்யாணத்துக்குப் பூச்சுற்றி ஓடியதும் அதுதான். பிறகு அப்பாவின் இடது முழங்காலில் ஒப்பரேஷன் செய்தார்கள். நடக்கலாம், மாடி ஏறலாம், கிளச் மட்டும் முடியவில்லை. ஒருநாள் பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்தேன். பம்பலப்பிட்டிச் சந்தியில் இருந்து எங்கள் ஒழுங்கை வரை, மாலை ஐந்தரை மணிக்கு, அறுபத்திநாலு தடவை கிளச் மிதித்தார். வீட்டுக்கு வந்ததும் இறங்காமல் சீற்றிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். "பிள்ளை, போன் வந்ததெண்டு அம்மாட்டச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கார் கவருக்குக் கீழேதான். பிரேக் சிலிண்டர் இறுகியது, டயர் ஒரு பக்கம் தட்டையானது, வயர்களை எலி தின்றது. அந்த இரண்டு வருஷமும் கார் நூற்றுக்கு நூறு ஒரிஜினலாகத்தான் இருந்தது. பார்க்க ஒருவரும் வரவில்லை.

சரி, "எம்.ஜி.யில் ஓட்டோ போடுவது பாவம்" என்கிறவர்களுக்கு ஒரு தகவல். அந்தப் பாவத்தை முதலில் செய்தது எம்.ஜி. கம்பனியேதான். 1967 கடைசியில் வந்த இரண்டாம் மார்க்கில், அதாவது எம்.ஜி.பி.யின் இரண்டாவது பதிப்பில், கியர்பொக்ஸ் உட்காருகிற தரைச் சுரங்கத்தை அகலமாக்கினார்கள். புதிய மெனுவல் கியர்பொக்ஸ் வந்தது ஒரு காரணம், போர்க்-வார்னர் 35 ஓட்டோ கியர்பொக்ஸ் உள்ளே போக வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஆறு வருஷமளவில் அதை ஒப்ஷனாக விற்றார்கள். அதிகம் பேர் வாங்கவில்லை என்பது வேறு கதை. அதேபோல மெனுவல் வாங்கினவர்களுக்கு லேகொக் கம்பனியின் ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்ற உதவுகிற மேல் விகிதம், ஒப்ஷனாக இருந்தது. ஆக ஓட்டோவும் எம்.ஜி.பி.க்குப் புதிதில்லை, ஓவர்டிரைவும் புதிதில்லை. இரண்டையும் ஒன்றாகத்தான் அவர்கள் கொடுக்கவில்லை. போர்க்-வார்னர் மூன்று கியரோடு நின்றுவிட்டது. நாங்கள் செய்தது அவர்கள் தனித்தனியாக விற்ற இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டது, அவ்வளவுதான்.

"அப்போ லேகொக் போட்ட மெனுவல் கியர்பொக்ஸைத் தேடிப் போட்டிருக்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். போடலாம். ஹைவேயில் சுகமாக இருக்கும். அறுபத்திநாலு கிளச் அறுபத்திநாலாகவே இருக்கும்.

நாங்கள் எடுத்தது டொயோட்டாவின் ஏ43டி, ஓவர்டிரைவையே நாலாவது கியராக வைத்திருக்கிற ஓட்டோ கியர்பொக்ஸ். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும், திருத்துவதற்கும் ஆள் உண்டு. அதைவிட முக்கியம், அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. எல்லாம் ஒயில் அமுக்கத்தில் நடக்கிறது. ஓவர்டிரைவை நிறுத்த மட்டும் ஒரு பட்டனும் ஒரு வயரும். எஞ்சினோடு பொருந்துகிற முன்பக்க மூடி, அதாவது பெல் ஹவுசிங், தனியாகக் கழன்று வரும். எம்.ஜி.யின் 1798 சி.சி. எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே லேத்தில் ஒரு பிளேட் கடைந்தால் பொருத்தலாம். முதலில் ஒரு கடையில் டீசல் வானில் இருந்து கழற்றியதைக் காட்டினார்கள், விலையும் மலிவு. எங்கள் பாஸ், அதாவது மெக்கானிக், வேண்டாம் என்று தலையாட்டினார். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றில் இழுக்கும், கியர் எந்த வேகத்தில் மாற வேண்டும் என்று பார்க்கிற உள் பாகம், கவர்னர், அதற்கென்று செய்தது, அது கியரை அவசரப்பட்டு மேலே மாற்றிவிடும், பெற்றோல் எஞ்சின் மூச்சு முட்டும் என்றார். இந்த ஒரு வசனத்துக்காகவே அவருக்குக் கூலி கொடுக்கலாம்.

இப்போது கணக்கு. எம்.ஜி.பி.யின் பின் அச்சு விகிதம் 3.909, அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்ற, கியர்பொக்ஸில் இருந்து பின்னால் போகிற ஷாஃப்ட் 3.909 தடவை சுற்ற வேண்டும். பழைய மெனுவலின் நாலாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 தடவை சுற்றினால் கார் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீற்றர் வேகத்தில் போகும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 100இல் போனால் எஞ்சின் 3450க்குக் கிட்டச் சுற்றும். ஒரு மணித்தியாலம் அந்தச் சத்தத்துக்குள் இருந்து பாருங்கள், காலியில் இறங்கினாலும் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஏ43டியின் நாலாவது கியர் 0.69. எஞ்சின் 69 தடவை சுற்றினால் ஷாஃப்ட் 100 தடவை சுற்றும். அதே 100இல் எஞ்சின் இப்போது 2400, கிளச்சுக்குப் பதிலாக ஒயில் வழியாக எஞ்சினைக் கியர்பொக்ஸோடு சேர்க்கிற டோர்க் கன்வேர்ட்டர் கொஞ்சம் வழுக்குவதைச் சேர்த்தால் அதைவிடச் சற்று மேலே. முதல் தடவை கொட்டாவையில் நெடுஞ்சாலையில் ஏறி நாலாவது விழுந்தபோது அப்பா, எஞ்சின் சுற்றைக் காட்டுகிற டாக்கோமீற்றரின் கண்ணாடியை விரலால் தட்டினார். பழுதாகிவிட்டது என்று நினைத்தாராம்.

உண்மையையும் சொல்ல வேண்டும். கொழும்புக்குள் அந்த நாலாவது கியருக்கு வேலையே இல்லை. காலி வீதியில் அது விழுகிற வேகத்தில் போக யார் விடுகிறார்கள்? ஊருக்குள் உதவுவது ஓட்டோ, ஓவர்டிரைவ் உதவுவது மாதத்தில் ஒருநாள். ஆனால் அந்த ஒருநாளுக்காகத்தான் அப்பா மற்ற நாளெல்லாம் காரைத் துடைக்கிறார்.

செலவை இங்கே எழுத மாட்டேன். அம்மாவும் முகநூலில் இருக்கிறா.

வேலையில் எங்கே சறுக்கும் என்பதைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். பிளேட் மயிரிழை மையம் விலகினாலும் ஒயில் கசியாமல் அடைக்கிற முன் சீல் தின்னப்படும், பிறகு கியர்பொக்ஸின் ஒயில் பம்ப். பாஸ் டயல் கேஜ் வைத்துப் பார்த்து இரண்டு தடவை கழற்றிப் பூட்டினார். டோர்க் கன்வேர்ட்டரைத் தள்ளும்போது சுற்றிச் சுற்றி மூன்று தடவை 'டக்' என்று உள்ளே இறங்க வேண்டும். இரண்டோடு நிறுத்தி போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடையும். எம்.ஜி. ரேடியேற்றரில் கியர் ஒயிலைக் குளிராக்க வழியில்லை, ஆகவே தனியாக ஒரு கூலர். கொழும்பு வெயிலில், நெரிசலில், அது ஆடம்பரம் இல்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் முதல் வாரமே வாங்கிக் கட்டினோம். இரண்டில் இருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் ஒருதரம் 'உம்' என்று ஏறி இறங்கியது. மூன்றாம் நாள் டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பார்த்தால் தீய்ந்த வாசம். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கபில நிறம். காரணம் ஒரு சின்னக் கம்பி. அக்ஸிலேற்றரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை அந்தக் கேபிள்தான் கியர்பொக்ஸுக்குச் சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் உள்ளே ஒயில் அமுக்கம் ஏறி இறங்கும். டொயோட்டாவில் அது ஒழுங்காக இழுபடும். எங்கள் இரட்டை எஸ்.யு. காபரேற்றர்களில் பொருத்திய நெம்பு கட்டையாக இருந்ததால், காபரேற்றர் முழுதாகத் திறந்தாலும் கேபிள் பாதிதான் வந்தது. பாவம், கியர்பொக்ஸ் நாங்கள் மெதுவாகப் போகிறோம் என்று நம்பி, அமுக்கத்தைக் குறைத்துத் தன் உள்ளே இருக்கிற கிளச் தட்டுகளை எரித்துக்கொண்டிருந்தது. பாஸ் நீளமான நெம்பு ஒன்று வெட்டினார். கேபிளில் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும். பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கும்போது உறையின் நுனிக்கும் அந்தக் குமிழுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. நான் பெடலை மிதித்துப் பிடிக்க, அவர் குனிந்து நகத்தை வைத்துப் பார்த்தார். எரிந்த தட்டுகளை மாற்றியது தனிச் செலவு. நாங்களே போட்ட நெம்பு, ஆகவே யாரையும் குறை சொல்ல வழியில்லை.

இனி, அந்த ஐயாவோடு நான் ஒத்துப்போகிற இடம். இரண்டு காலும் நன்றாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். எம்.ஜி.பி.யின் அந்தக் குட்டையான கியர் லீவர், மணிக்கட்டு அசைந்தால் 'கிளிக்' என்று விழுகிற அழகு, அதை ஓட்டோ திருப்பித் தராது. ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது எந்தக் கியர் என்பதை நீங்கள் முடிவெடுக்க ஆசைப்படுவீர்கள், அது வேறு ஏதோ முடிவெடுக்கும். விற்கிற எண்ணம் இருந்தாலும் வேண்டாம். காசு மிச்சம் பிடிக்க, கூலரை விட்டு, கேபிளைக் கண்ணால் அளந்து செய்யப் போகிறீர்கள் என்றால் நிச்சயமாக வேண்டாம். அந்த அரைகுறை வேலையைவிடக் கவருக்குக் கீழேயே நிற்கட்டும்.

செய்வதென்றால் மாற்றமுடியாதபடி செய்யாதீர்கள். எங்கள் பழைய கியர்பொக்ஸ், பெடல், ஷாஃப்ட் எல்லாம் கிரீஸ் பூசி உரப்பையில் சுற்றி ஸ்டோர் ரூமில் இருக்கிறது. புதுக் கியர்பொக்ஸைத் தாங்குகிற கட்டை, ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில்தான் பூட்டியிருக்கிறது. ஓவர்டிரைவ் இருப்பதால் கியர்பொக்ஸ் நீளம், ஆகவே ஷாஃப்ட் கட்டையாக வேண்டும். பழையதை வெட்டாமல் புதிதாக ஒன்று செய்து பலன்ஸ் பண்ணினோம். சுரங்கத்தில் ஒரே ஒரு இடத்தில் சுத்தியலால் தட்டினோம். அந்த ஐயா அதைக் கண்டுபிடித்துத் திட்டியிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்பா இப்போது வாரத்தில் மூன்று நாள் எடுக்கிறார். காலையில் மரைன் டிரைவில் பாண் வாங்கப் போகிற சாட்டு. சிக்னலில் நிற்கும்போது இடது கால் இன்னும் தானாக எழும்பி இல்லாத பெடலைத் தேடுகிறது. தரையில் ஒரு தரம் மிதித்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு வேலை மிச்சம். டொயோட்டாக் கியர்பொக்ஸில் இருந்து எம்.ஜி. ஸ்பீடோமீற்றருக்குப் போகிற கேபிளைப் பொருத்திவிட்டோம், ஆனால் பல்லுச் சக்கரக் கணக்குச் சரிவரவில்லை. போனில் பார்த்தால் வேகம் 60, முள் 74 காட்டுகிறது. ஸ்பீடோமீற்றருக்கு இடையில் பூட்டுகிற குறைப்புப் பெட்டி யாரிடமாவது இருந்தால், அல்லது செய்து தருகிற ஆளைத் தெரிந்தால், இன்பொக்ஸில் சொல்லுங்கள். அப்பா அந்த 74ஐ நம்பி, காலியில் இருக்கிற மாமாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார்.