எந்தப் பிரிவுன்னு சொல்லுங்க

எங்க ஊருணிக் கரையில மண்ணு கொட்டினதை ஒரு தம்பி படம் எடுத்துப் பதிவு போட்டான், போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்சு அதை அழிக்கச் சொல்லிட்டாங்க. அந்த விவகாரத்தை முதல்ல இருந்து சொல்லப் போறதில்ல. மூணு நாளா எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க.

நேத்து சாயங்காலம் அந்தத் தம்பி எங்க வீட்டு முகப்புத் திண்ணையில வந்து உக்காந்தான். பதிவையும் அழிச்சுட்டான், போன்ல இருந்த படத்தையும் அழிச்சுட்டான். கை இன்னும் நடுங்குது. "எந்தச் சட்டப் பிரிவுன்னு கேட்டியாப்பா?"ன்னேன். "கேக்கலக்கா. அழின்னாங்க, அழிச்சுட்டேன்."

எந்தப் பிரிவு? அதைத்தான் கேக்குறேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஏ-வா? 2012-ல மகாராஷ்டிரா பால்கர்ல கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஒரு பொண்ணு எழுதினதுக்கு, லைக் போட்ட தோழியையும் சேத்துக் கைது பண்ணாங்களே, அந்தப் பிரிவா? 2015 மார்ச் 24-ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அதுல இருந்த 'எரிச்சல்', 'அசௌகரியம்'னா என்னன்னு யாருக்கும் தெரியாது, ஆளுக்கொரு அர்த்தம் வச்சுக்கலாம்னுதான் ரத்து பண்ணாங்க. அவதூறா? அதுக்கு இப்ப, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 356-ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போகணும். ஸ்டேஷன்ல உக்கார வச்சு போனைப் பிடுங்கற வேலை அதுல எங்கயும் இல்ல.

"அப்ப யாரும் என்ன வேணா எழுதலாமா?"ன்னு கேப்பீங்க. எழுதக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? போன வருஷம் என் படத்தை வச்சுப் போலிக் கணக்கு ஆரம்பிச்சு, எங்க பங்காளி வீட்டுக்கெல்லாம் கண்டதையும் அனுப்பினாங்க. ஆள்மாறாட்டப் புகார்னா 24 மணி நேரத்துல நீக்கணும்னு, சமூக வலைத்தளங்களுக்குன்னு வந்த 2021 ஐ.டி. விதியிலயே இருந்துச்சு. அந்தத் தளத்துல இருந்து எனக்கு வந்த பதில், "இது எங்கள் விதிமுறைகளை மீறவில்லை." நீக்கப் பதினோரு நாள் ஆச்சு. ஆத்தாவுக்குத் தெரியாம வளவு ஓரத்துல நின்னு அழுதிருக்கேன். ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க? "நீங்க ஏம்மா போட்டோ போடுறீங்க?"

எனக்குப் பதினோரு நாள். ஊருணிக் கரையில மண்ணு கொட்டினதைப் படம் எடுத்தவனுக்கு ஒரு மணி நேரம். சட்டம் வேணாம்னு நான் சொல்லல. எழுத்துல கொடுங்க, பிரிவைச் சொல்லுங்க, எழுதினவன் பதிலையும் கேளுங்கன்னுதான் சொல்றேன். "ஊர் மானம் போகுது"ன்னு நேத்து கமெண்ட் போட்ட அண்ணே, எங்க ஆயா அந்த ஊருணித் தண்ணியைத்தான் குடத்துல சுமந்து வந்து எங்களை வளத்துச்சு. மண்ணு கொட்டினப்ப போகாத மானமா?

தம்பி அந்தப் படத்தை எனக்கு அன்னைக்கே அனுப்பியிருந்தான். கீழ போட்டிருக்கேன். அழிக்கணும்னா பிரிவு எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.